நின்ற சக்கரமும் மூப்படையும்

நமது சங்கங்களில் பலவற்றிற்கு இன்று சொந்தமாக டிராக்டரும், அதன் பின்னே பூட்டும் டிரெய்லர் என்னும் இழுவை வண்டியும் உண்டு. விளைச்சல் காலத்தில் மஞ்சளும் கரும்பும் வாழைத்தாரும் அதில் ஏறும். மற்றக் காலத்தில் எப்போதேனும் நூல் சிப்பம் வரும்; துணிக்கட்டு போகும். எஞ்சிய நாள்களெல்லாம் அது கிடங்கின் ஓரத்திலோ புளியமரத்தடியிலோ அசையாது நிற்கும். டிராக்டரின் எஞ்சினுக்கு நாள் தவறாமல் எண்ணெய் பார்க்கிறோம். டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "ஓடாத வண்டிக்குத் தேய்மானம் ஏது?" என்பதே நம்மில் பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் தவறானது என்பதையும், டயரின் வயதையும் நிலையையும் அங்கத்தினர் தாமே சோதித்தறியும் வழியையும் இப்பாடத்தில் கூற முற்படுகிறோம்.

முதலில் நமக்கே நேர்ந்த ஒன்றை ஒளியாமல் சொல்லிவிடுகிறோம். 2021ஆம் ஆண்டில் நாம் அங்கம் வகித்த ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழு, டிரெய்லருக்கு இரண்டு டயர்கள் வாங்கிற்று. கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்தார். காகிதம் ஒட்டியபடி, பட்டன் சிறிதும் தேயாமல், டயர்கள் புத்தம் புதியனவாகவே காட்சி அளித்தன. நாமும் மகிழ்ந்து கையொப்பமிட்டோம். மறு ஆண்டு பங்குனியில், மஞ்சள் மூட்டை ஏற்றிய டிரெய்லர் வாய்க்கால் பாலத்தை அணுகும் நேரத்தில் அவற்றுள் ஒன்று வெடித்தது. வண்டி ஒரு புறமாகச் சாய்ந்தது. மூட்டைகள் வாய்க்காலில் விழுந்தன. பாலத்தின் மேல் அப்போது எவரும் நடந்து வரவில்லை என்பது நமது நல்வினை. ஐந்து அங்கத்தினரின் ஓராண்டு உழைப்பு நனைந்து பாழாயிற்று. "ஐயா, பட்டனெல்லாம் நன்றாகத்தானே இருந்தது!" என்று ஓட்டுநர் கண்கலங்கினார். கழற்றிப் பார்த்தபோது, டயரின் உட்பக்கத்தில், அச்சை நோக்கிய சுவரில், 3713 என்னும் எண் இருந்தது. அதன் பொருள் அன்று நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த டயரை வாங்கியிருக்க மாட்டோம்.

டயரும் நம்மவர் பண்டமே

டயர் என்பது ஏதோ நமக்குத் தொடர்பற்ற தொழிற்சாலைப் பொருள் என்று நினைத்தல் வேண்டா. அது உழவரும் நெசவாளரும் சேர்ந்து ஆக்கிய பொருளேயாகும். அதன் சதை ரப்பர். ரப்பர் மரத்தின் பாலைக் கன்னியாகுமரி மாவட்டத்து உழவர் நாள்தோறும் விடியுமுன் பட்டை சீவி எடுக்கின்றனர். அம்மரத்தின் வித்துக்கள் 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து ஆசிய நாடுகளுக்குப் பரவின. இன்றைய டயரில் பாலிலிருந்து வந்த ரப்பரோடு செயற்கை ரப்பரும் கலந்திருக்கும்.

அதன் எலும்போ நூல். டயரை அறுத்துப் பார்த்தால் ரப்பருக்குள்ளே நூலடுக்கு இருப்பது தெரியும். அது ஒரு விந்தையான துணி. பாவு நூல் தடித்து, முறுக்கேறி, நெருக்கமாக ஓடும். ஊடையோ மெல்லியதாக, ஓரிழை இங்கும் ஓரிழை அங்குமாக, பாவு கலையாமல் பிடித்துக் கொள்வதற்கு மட்டுமே இருக்கும். பாரத்தைத் தாங்குவது பாவு. தொடக்கத்தில் இதனைப் பருத்தி நூலால் நெய்தனர். பின்னர் ரேயான் வந்தது. அதன்பின் நைலானும் பாலியெஸ்டரும் வந்தன. ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள பிணைப்பு விட்டுப்போனால் டயர் உயிரற்றது. வெளியே பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை. பாவு இற்றுப்போன துணியின் கரை அழகாக இருந்து என்ன?

ஓடாத டயர் ஏன் கெடுகிறது?

பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே பெறும் என்பதைச் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839இல் கண்டறிந்தார். அந்த உறுதி நெடுநாள் நிற்பது, ஆயினும் நிலையானதன்று. காற்றிலுள்ள பிராணவாயு ரப்பருக்குள் மெல்ல ஊடுருவி அதனைக் கெட்டியாக்கும்; நெகிழ்வு குறையும். காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன் என்னும் வாயு, இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரைக் குறி வைத்து வெடிக்கச் செய்யும். வெயில் மேற்பரப்பைச் சுடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இத்தகைய மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலார் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஆகவே குளிர்நாட்டு டயரைவிட நம் நாட்டு டயர் விரைவில் மூப்படையும்.

இதற்கு மாற்றாக, டயர் செய்வோர் ரப்பருக்குள் ஒருவகை மெழுகையும் காப்பு மருந்துகளையும் கலக்கின்றனர். வண்டி ஓடும்போது டயரின் சுவர் மடங்கி நிமிரும். அந்த அசைவினால் அக்காப்புப் பொருள்கள் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படியும். நாள்தோறும் ஓடும் லாரியின் டயருக்கு இக்காப்பு இடையறாது கிடைக்கிறது; மூப்பு வருமுன்னே அதன் பட்டன் தேய்ந்து மொட்டையாகி விடுவதால் அது மாற்றவும்படுகிறது. மாதக்கணக்கில் நிற்கும் டிரெய்லருக்கோ இவ்விரண்டும் இல்லை. மடங்கி நிமிர்தல் இல்லையாதலால் காப்புப் படலம் வருவதில்லை. தேய்மானம் இல்லையாதலால் மாற்றும் எண்ணமும் வருவதில்லை. போதாக்குறைக்குப் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் அழுத்த, நிலத்தருகே புடைத்து இழுபட்ட சுவரில் வெடிப்புகள் தோன்றுகின்றன. ஓடித் தேய்வதைக் கண் காணும். நின்று கெடுவதைக் கண் காணாது. ஆபத்து இதில்தான் உள்ளது.

கேரவன்காரர் கற்ற பாடம்

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தோர் பிரிட்டனில் கேரவன் வைத்திருப்போர் ஆவர். கேரவன் என்பது காரின் பின்னே இழுத்துச் செல்லும் சிறு வீடு. கோடை விடுமுறையில் சில வாரங்கள் ஓடும். ஆண்டின் பெரும்பகுதி வீட்டு முற்றத்தில் நிற்கும். நமது டிரெய்லரைப் போலவே அதற்கும் எஞ்சின் இல்லை. பெரும்பாலும் ஓர் அச்சும் இரு சக்கரங்களுமே. ஒரு டயர் வெடித்தால் கேரவன் பாம்பைப் போல் நெளிந்து, இழுத்துச் செல்லும் காரையும் புரட்டக்கூடும். ஆதலின் அங்குள்ள கேரவன் உரிமையாளர் சங்கங்கள், டயர் செய்யப்பட்டு 5 ஆண்டுகள் ஆனதும் மாற்ற எண்ண வேண்டும் என்றும், 7 ஆண்டுகளைக் கடந்த டயரில் ஓடவே கூடாது என்றும் அங்கத்தினருக்குச் சொல்லி வருகின்றன. பட்டன் எவ்வளவு மீந்திருந்தாலும் இவ்வரம்பு மாறாது.

பெரிய வண்டிகளைப் பொறுத்தவரை அந்நாடு இப்பாடத்தை உயிர்களை இழந்தே கற்றது. 2012 செப்டம்பர் 10ஆம் நாள், ஓர் இசை விழாவுக்குச் சென்று திரும்பிய இளைஞர்களை ஏற்றி வந்த பேருந்து ஒன்று, இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் அருகே சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. மூவர் மாண்டனர். முன் சக்கரத்தின் டயர் வெடித்ததே காரணம். அந்த டயரின் வயது 19 ஆண்டுகளுக்கு மேல். அது பூட்டப்பட்டிருந்த பேருந்தைவிட மூத்தது! அன்றைய சட்டத்தில் டயரின் வயதுக்கு வரம்பு இல்லை. மகனை இழந்த தாய் ஒருவர் பல ஆண்டுகள் இடைவிடாது முயன்றார். 2021 பிப்ரவரி 1 முதல், பிரிட்டனில் லாரி, பேருந்து ஆகியவற்றின் முன் அச்சில் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர் பூட்டுதல் சட்ட விரோதமாயிற்று. வயதைக் காட்டும் குறி படிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதும் விதியாயிற்று.

பிறந்த நாளை அறியும் முறை

டயரின் சுவரில் எழுத்துகளும் எண்களும் நிறைந்திருக்கும். அவற்றுள் டி, ஓ, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையைத் தேடுக. அவ்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களே டயரின் பிறந்த நாள். சில டயர்களில் அந்நான்கு இலக்கங்கள் மட்டும் சிறு நீள்வட்டத்துக்குள் தனியே பதிந்திருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும், பின் இரண்டு எந்த ஆண்டு என்பதையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நாம் கண்ட 3713, 2013ஆம் ஆண்டின் 37ஆம் வாரம், அதாவது செப்டம்பர் மாதம். 2021இல் "புதியது" என்று நாம் வாங்கிய டயருக்கு அன்றே வயது எட்டு நெருங்கியிருந்தது! மூன்றே இலக்கங்கள் காணப்பட்டால் அது 2000ஆம் ஆண்டுக்கு முன் செய்தது. கிணற்றடியில் ஊஞ்சல் கட்டுவதற்கன்றி வேறெதற்கும் ஆகாது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, இவ்வெண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கத்தில் காணாவிடில் வண்டிக்கு அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பார்த்தல் வேண்டும். இரண்டாவது, ரீட்ரெடிங் செய்த டயரில் மேற்பட்டைதான் புதியது, உடல் பழையதே. வயதைக் கணக்கிட உடலில் பதிந்த எண்ணையே கொள்ள வேண்டும். நாமக்கல் லாரிக்காரர்கள் பழைய டயருக்குப் புதுப் பட்டன் போடுமுன் உடலின் உறுதியைத் தட்டியும் தடவியும் பார்ப்பது இதனாலேயே. மூன்றாவது, மாற்றுச் சக்கரமாகத் தொங்கும் ஸ்டெப்னி. அது ஒரு மைல்கூட ஓடியிராது. ஆயினும் மற்றவற்றோடு அதற்கும் வயது ஏறிக்கொண்டே இருக்கும். பாதி வழியில் பஞ்சரானால் நாம் நம்பப்போவது அதனைத்தான்.

உடலைச் சோதிக்கும் முறை

பகல் வெளிச்சத்தில், பாரமில்லாத வண்டியைச் சமமான கெட்டி நிலத்தில் நிறுத்துக. டிராக்டரைப் பூட்டிய நிலையிலேயே வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க. பின்னரே ஜாக்கி ஏற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையலாகாது. அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கு கட்டை கொடுத்தல் வேண்டும். சக்கரத்தை நீர் விட்டுக் கழுவி, உலர்ந்தபின் மெல்லச் சுழற்றிக் கொண்டே கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க.

சுவர்: மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தால் டயர் மூப்படையத் தொடங்கிவிட்டது என்று அறிக. நகத்தின் நுனி புகும் அளவுக்கு வெடிப்பு ஆழ்ந்திருப்பின் டயர்க் கடையில் அறிந்தவரிடம் காட்டாமல் ஓட்டற்க. வெடிப்பினுள்ளே நூல் தெரிந்தால் அன்றே கழற்றி எறிக, பேச்சுக்கு இடமில்லை. சுவர்மீது உள்ளங்கையை வைத்துத் தடவுக. எங்கேனும் கொப்புளம் போல் புடைத்திருந்தால், உள்ளே நூல் அறுந்து காற்று ரப்பரைத் தள்ளுகிறது என்பது பொருள். கண்ணுக்குத் தப்பிய புடைப்பும் கைக்குத் தப்பாது. உட்பக்கச் சுவரையும் இவ்வாறே தடவுக; அதனை விடுதல் பாதிச் சோதனையாகும்.

பட்டன்: பள்ளங்களின் குறுக்கே சிறு மேடுகள் ஆங்காங்கு வார்க்கப்பட்டிருக்கும். பட்டன் தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. கார் டயர்களில் அம்மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்த விதமும் ஒரு மொழி பேசும். இரு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகை. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு கோணியுள்ளது. டயரை மாற்றுமுன் அச்சைச் சரிசெய்யாவிடில் புதிய டயரும் அவ்வழியே போகும். ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தால் நெடுநாள் அசையாது நின்றதனாலோ பிரேக் பிடித்துக் கொண்டதனாலோ ஆகும்.

முள்ளும் கல்லும்: நம் வண்டிப்பாதைகளில் கருவேல முள்ளுக்குக் குறைவில்லை. முள் ஒடிந்து பட்டனுக்குள் தங்கி, நாள்பட உள்ளேறி டியூபைக் குத்தும். அவற்றைப் பிடுங்கி எடுக்க. வெட்டுக் காயத்தின் வழியே நீர் புகுந்தால் உள்ளே பிணைப்பு விட்டுப்போகும். இரட்டைச் சக்கரமாயின் இடையில் சிக்கிய கல்லை அகற்றுக.

வால்வும் ரிம்மும்: வால்வின் அடிரப்பர் வெடித்திருக்கிறதா என மடக்கிப் பார்க்க. வால்வு மூடி இல்லாத சக்கரத்தில் மண் புகுந்து காற்று கசியும். ரிம்மின் விளிம்பு துருவேறிக் கூராகியிருந்தால் டயரின் வாய்ப்புறத்தை அறுக்கும். கழற்றிப் பூட்டும் வளையம் கொண்ட ரிம்களில் காற்றடிக்கும்போது வளையம் குண்டு போல் தெறித்து உயிரைக் கொள்வதுண்டு. அவ்வேலையைக் கூண்டு வைத்துள்ள கடையிலேயே செய்விக்க. காற்றேறும்போது எவரும் சக்கரத்துக்கு நேரெதிரே நிற்கலாகாது.

காற்றும் பாரமும்

மிகுதியான டயர்களைக் கொல்வது முள்ளன்று, காற்றுக் குறைவே. காற்றுக் குறைந்த டயரின் சுவர் அளவுக்கு மீறி மடங்கும். மடங்க மடங்கச் சூடேறும். சூடேறினால் நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள பிணைப்பு விடும். மூத்த டயருக்குக் காற்றும் குறைவு, பாரமும் மிகுதி, காலமும் சித்திரை வெயில் என்றால் வெடிப்பதற்கு வேறென்ன வேண்டும்? நல்ல டயரும் மாதத்திற்கு ஒரு ராத்தல் அளவு அழுத்தத்தைத் தானே இழக்கும். எனவே நான்கு மாதம் நின்ற வண்டியைக் காற்றுப் பார்க்காமல் எடுத்தல் பெரும்பிழை. காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதனைக் கண்டு காற்றைத் திறந்துவிடலாகாது.

எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் சுவரிலேயே எழுதியிருக்கும். டிரெய்லர் டயர்களில் 14 பிஆர், 16 பிஆர் என்று காண்பது உறுதியின் தரத்தைக் காட்டும் குறி. உள்ளே அத்தனை அடுக்கு நூல் உண்டு என்பதன்று. சில டயர்களில் பாரக் குறியெண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். அதனையடுத்த எழுத்து, எவ்வளவு வேகத்துக்கு ஏற்றது என்பதைக் காட்டும். ஏ8 என்றால் மணிக்கு 40 கிலோமீட்டர். வண்டி, சரக்கு ஆகிய இரண்டின் எடையையும் கூட்டிப் பார்க்க. ஒரே அச்சில் ஒரு புறம் பழையது, மறுபுறம் புதியது, அல்லது அளவு மாறியது என்று பூட்டினால் பாரம் ஒரு புறமே விழும்.

நிறுத்தி வைக்கும் முறை

வேலை முடிந்ததும் சரக்கை முழுவதும் இறக்கிவிடுக. பாரத்தோடு வண்டியை நிறுத்தலாகாது. நெடுங்காலம் நிற்குமாயின் அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சக்கரங்களை நிலத்திலிருந்து தூக்கி வைத்தல் மிக நன்று. இயலாதபோது மாதம் ஒரு முறை சக்கரம் கால் சுற்று திரும்பும்படி வண்டியைத் தள்ளி நிறுத்துக. வெயில் படாதவாறு சாக்கோ படுதாவோ போர்த்துக. உரமூட்டை, மருந்துக் கலன், டீசல், கிரீஸ் ஆகியவற்றின் அருகே டயரை வைத்தலாகாது. பொறி பறக்கும் மோட்டாரும் வெல்டிங் வேலையும் ஓசோனை உண்டாக்குவன. அவையுள்ள கொட்டகை டயருக்கு ஏற்றதன்று. டயர் மினுமினுக்க வேண்டும் என்று மண்ணெண்ணெய் பூசுவோர் அதன் காப்பு மெழுகைத் தாமே துடைத்தெறிகின்றனர்.

சங்கத்தின் கடமை

இவையெல்லாம் ஓட்டுநர் ஒருவரின் பொறுப்பு என்று ஒதுக்குதல் கூட்டுறவு ஆகாது. நாம் சொல்லும் வழி எளியது. சங்கத்தில் ஒரு டயர்ப் புத்தகம் வைக்க. ஒவ்வொரு சக்கரத்திற்கும், ஸ்டெப்னிக்கும், ஒரு பக்கம்: பிறந்த வாரமும் ஆண்டும், பூட்டிய தேதி, மாதந்தோறும் அளந்த காற்று, கண்ட குறை. புதிய டயர் வாங்கும்போது நான்கிலக்க எண்ணைப் பார்த்து, அதனை விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குக. 5 ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டுக. நம் வெயிலையும், டிரெய்லர் நிற்கும் நாள்களையும் எண்ணிப் பார்த்தால், கேரவன்காரர் கொண்ட 7 ஆண்டு வரம்பை நாமும் கொள்வதே தக்கது.

"நல்ல பட்டன் இருக்கும்போது சங்கப் பணத்தை வீணாக்கலாமா?" என்று பொதுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். கேட்பது அவர் உரிமை; விடை கூறுவது நிர்வாகக் குழுவின் கடமை. ஒரு டயரின் விலையை ஏழு ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, ஆண்டுதோறும் தேய்மான நிதியில் ஒதுக்கி வந்தால், மாற்றும் காலத்தில் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. மாற்றாமல் விட்டால் அந்தச் செலவை யார் தருகிறார்? மூட்டைக்கு உரியவரும், ஓட்டுநரும், எதிரே சைக்கிளில் வரும் அயலாரும் தருகின்றனர். அவர்களைக் கேளாமல் அவர்கள் தலையில் செலவை வைக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமையில்லை. டிரெய்லரில் ஆட்களை ஏற்றும் வழக்கத்தையும் இத்தோடு அடியோடு ஒழித்தல் வேண்டும்.

வாய்க்காலில் மூட்டை விழுந்த அன்று நமக்குக் குறைந்திருந்தது பணமன்று. குனிந்து பார்க்கும் ஒரு நிமிட நேரமே. அதனை இன்று மாலையே செலவிடுமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. நாள்தோறும் ஓடும் டயரைவிட நின்றிருக்கும் டயர் மூப்பினால் விரைவில் கெடுவது ஏன்?

2. உங்கள் சங்க வண்டியின் ஒவ்வொரு டயரும், ஸ்டெப்னி உட்பட, எந்த ஆண்டில் எந்த வாரத்தில் செய்யப்பட்டது? நேரில் பார்த்து எழுதுக.

3. பட்டனின் இரு ஓரங்களும் தேய்ந்துள்ள டயர் எதனைக் காட்டுகிறது? அதற்கு என்ன செய்வீர்?

4. டயர்களை மாற்றுவதற்கான தொகையை ஆண்டுதோறும் ஒதுக்க உங்கள் சங்கத்தில் என்ன ஏற்பாடு உளது? இல்லையெனில், அடுத்த பொதுக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் வரைக.